வாசகர் கேள்வி: செட்டிநாட்டில் தனியே ஒரு நாள்

தனியாகப் பயணம் செய்வோர் தங்கள் அனுபவங்களையும் ஐயங்களையும் எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் செட்டிநாட்டுப் பயணத்தைப் பற்றியவையே மிகுதி. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நான் சென்னையில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்க்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாட்டை அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உடன்வர யாரும் அமையாததால் தனியே கிளம்பினேன். ரயில் முன்பதிவில் ‘செட்டிநாடு’ என்றே ஒரு நிலையம் இருப்பதைக் கண்டு அதற்கே பயணச்சீட்டு எடுத்தேன். விடிவதற்கு முன் இறங்கினால் அது மிகச் சிறிய நிலையமாக இருந்தது. வெளியே ஓர் ஆட்டோகூட இல்லை. நான் அறை எடுத்திருந்ததோ காரைக்குடியில். வெகுநேரம் காத்திருந்து, கிடைத்த ஆட்டோவுக்குக் கேட்ட தொகையைக் கொடுத்துப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பன்னிரண்டு மணிக்குத்தான் அறை தருவோம் என்றார்கள். பையை வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, பேருந்து பிடித்துக் கானாடுகாத்தானுக்கு வந்தேன். அது விடியற்காலையில் நான் இறங்கிய நிலையத்தை ஒட்டிய ஊர் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்க முடிந்தது. வேறு இரண்டு வீடுகளில் காவலர்கள், வீட்டுக்காரர்கள் சொல்லாமல் திறக்க முடியாது என்று கூறிவிட்டார்கள். ஒரு மாளிகை விடுதியில் மதியச் சாப்பாடு கேட்டேன். சமையற்கட்டிலிருந்து வந்த ஆச்சி, “நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இலை போட்டிருப்போமே, ஆத்தா” என்று வருத்தத்துடன் சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார். கோயிலையாவது பார்ப்போம் என்று பிள்ளையார்பட்டிக்குப் போனபோது நடை சாத்தியிருந்தது. பசி தாங்காமல் சாலையோர உணவகம் ஒன்றில் ‘செட்டிநாடு சிக்கன்’ வாங்கினேன். சிவந்த எண்ணெயும் வாய் எரிச்சலும் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. அதற்குள் கைப்பேசியில் மின்னேற்றமும் தீர்ந்தது. கையில் சில்லறைப் பணமும் இல்லை. மாலையில் காரைக்குடியில் ஒரு தெருவோரக் கடையில் சாப்பிட்ட வெள்ளைப் பணியாரம் ஒன்றுதான் அந்த நாளில் நன்றாக அமைந்தது. குறை என் திட்டத்திலா, அந்த ஊர்களிலா? மறுபடியும் போனால் ஒரு நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

— ஒரு வாசகி, சென்னை

பதில்: திட்டம் என்று பார்த்தால் உங்களுடையது நல்ல திட்டம்தான், ஆனால் அது ஒரு நகரத்துக்குப் போட்ட திட்டம். செட்டிநாடு ஒரு நகரமன்று. சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கும், நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தாரின் ஊர்களின் தொகுதிக்கே அந்தப் பெயர். முன்பு 96 ஊர்கள் இருந்தன என்பது வழக்கு. இன்று எழுபதுக்குச் சற்று மேற்பட்டவை எஞ்சியுள்ளன. காரைக்குடி இவற்றுள் பெரியது. கடைவீதியும் விடுதிகளும் பேருந்துகளும் அங்கேதான் உள்ளன. நீங்கள் இறங்கிய செட்டிநாடு நிலையம் கானாடுகாத்தானுக்கு உரியது; காரைக்குடி அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர். எனவே பார்க்க வந்த வீதியின் வாசலிலேயே இறங்கிவிட்டு, கூலி கொடுத்து விலகிப் போய், மீண்டும் பேருந்தில் திரும்பி வந்திருக்கிறீர்கள். தேவகோட்டை ரஸ்தா என்னும் நிலையமும் இதே வகையில் பலரைத் திண்டாட வைக்கிறது. தேவகோட்டை ஊர் அந்த நிலையத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. முதன்முறை போகிறவர்கள் காரைக்குடிச் சந்திப்புக்கே சீட்டு எடுப்பது நல்லது. அங்கேதான் பெரும்பாலான ரயில்கள் நிற்கின்றன. எந்த நேரத்தில் இறங்கினாலும் ஊருக்குள் போக ஏதேனும் ஒரு வண்டி கிடைக்கும்.

இனி, கதவு திறக்காத கதைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் உள்ள ஏமாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றே: அந்தப் பக்கத்தில் எதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டும். வீட்டுக் கதவும் சரி, அடுப்பும் சரி, வருகிறோம் என்று சொன்னவருக்குத்தான் ஆயத்தமாக இருக்கும். இதை வெளியூர்க்காரர்கள் அலட்சியம் என்றோ வீம்பு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியன்று, அந்த வீடுகளின் அமைப்பிலும் உரிமையிலும் அதற்கான காரணம் இருக்கிறது.

ஒரு நகரத்தார் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணையும் முகப்பும் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்துடன் வளவு. அதைச் சுற்றி அறைகள். அப்பால் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் சமையற்கட்டு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் அந்தக் குடும்பத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரியவை. ஓர் ஆண்மகனுக்குத் திருமணம் ஆனால் அவன் ஒரு புள்ளி. ஆக, மூன்று நான்கு தலைமுறைக்குப் பிறகு ஒரே வீட்டில் எத்தனை பேருக்குப் பங்கிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செழித்த காலத்தில் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியுமாகக் கப்பலில் வந்து இறங்கிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்த வருமானத்தின் பெரும்பகுதி அற்றுப்போனது. வீடுகள் மட்டும் அதே அளவில் நின்றன. இன்று திருமணமோ அறுபதாம் ஆண்டுச் சாந்தியோ முன்னோர்க்கான படைப்போ வரும்போதுதான் பங்காளிகள் கூடி வீட்டைத் திறக்கிறார்கள். மற்ற நாளில் சாவி ஒரு காவலரிடம் இருக்கும். உரிமை பலரிடம் இருக்கும். அந்தக் காவலர் உங்களை வாசலில் நிறுத்தியது அவருடைய வேலையின் நியாயம்.

ஆகவே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, முறையாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்கவிடும் வீடுகளைத் தேர்ந்துகொள்வது. ஆத்தங்குடி அரண்மனை என்று வழங்கும் வீடு அப்படிப்பட்டது. வேறு சில ஊர்களிலும் உண்டு. மற்றொன்று, மாளிகையையே விடுதியாக்கியிருக்கும் இடங்களில் முதல் நாளே தொலைபேசியில் பேசி, மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லிவிடுவது. சாப்பிட வந்தவருக்கு வீட்டைச் சுற்றிக் காட்டாமல் அனுப்புவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் இலையும் கிடைக்கும், வளவையும் பார்க்கலாம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய கானாடுகாத்தான் அரண்மனையையும் காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டையும் மட்டும் வெளியிலிருந்து பார்ப்பதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் தனியார் வீடுகள்.

அந்த ஆச்சி சொன்ன ‘நேற்றே’ என்பதிலும் பொருள் இருக்கிறது. அத்தகைய அடுக்களையில் காலையில் இத்தனை இலை என்று கணக்குச் சொன்ன பிறகுதான் கறி வாங்க ஆள் போகும்; மசாலையும் அந்தக் கணக்குக்கே அரைபடும். முதல் நாள் செய்ததைச் சூடாக்கி வைப்பதோ, கூடுதலாகச் செய்து அடுக்கி வைப்பதோ இல்லை. பன்னிரண்டரை மணிக்கு வாசலில் வந்து நிற்கும் ஒருவருக்காக ஓர் இலையைக் கூட்ட வேண்டுமானால், உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரின் பங்கைக் குறைக்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாமல்தான் மோர் கொடுத்திருக்கிறார்.

அடுத்தது, நண்பகல். பிள்ளையார்பட்டியில் மதியம் சுமார் ஒரு மணிக்கு நடை சாத்தி நான்கு மணிக்குத் திறக்கிறார்கள். சுற்று வட்டாரக் கோயில்கள் பெரும்பாலானவற்றிலும் இதுவே வழக்கம். கடைவீதியிலும் அந்த நேரத்தில் பாதிக் கடைகளுக்கு மேல் கதவு சாத்தியிருக்கும். கூட்டமாகப் போகிறவர்கள் இந்த மூன்று மணி நேரத்தை ஒரு மரத்தடியில் பேசியே கழித்துவிடுவார்கள். தனியாகப் போகிறவருக்கு அந்தப் பொழுது நீளும். நீள்கிறதே என்று எங்காவது கிளம்புவார். கிளம்பிய இடமெல்லாம் சாத்தியிருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த வெயிலும் சேர்ந்துகொள்ளும். மதியத்தை வெறும் பொழுதாகவே விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. சாப்பிட்டுவிட்டு விடுதி அறையில் தூங்குங்கள், கைப்பேசிக்கும் மின்னேற்றம் ஆகட்டும்.

இந்தக் கணக்கில் ஒரு நாளை இப்படி அமைக்கலாம். நீங்கள் இறங்கிய அதே நிலையத்தில் விடியற்காலையில் இறங்கினாலும் குறையில்லை. ஆனால் அறையையும் கானாடுகாத்தானிலேயே எடுத்து, வண்டி அனுப்பச் சொல்லி முந்தின நாளே பேசிவிட வேண்டும். காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அந்த நேர்கோட்டு வீதிகளில் நடப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சாய்வெயில் முகப்பின் சுதைச் சிற்பங்களில் படும்போதுதான், இருபுறமும் யானைகள் நிற்க அமர்ந்த லட்சுமிக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பதுபோன்ற வேடிக்கைகள் கண்ணுக்குத் தெரியும். சிற்றுண்டிக்குப் பின் ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் அடிக்கும் பட்டறையையும் மேலே சொன்ன வீட்டையும் பார்த்துவிட்டு, பன்னிரண்டரை மணிக்குள் சொல்லி வைத்த இலைக்கு வந்துவிட வேண்டும். சொல்லி வைக்கவில்லையென்றால் காரைக்குடி மெஸ்கள் இருக்கின்றன. அங்கும் ஒன்றரை மணிக்கு மேல் போனால் நல்ல கறிகள் தீர்ந்திருக்கும், மூன்று மணிக்கு மேல் இலையே போடமாட்டார்கள். நான்கு மணிக்குப் பிள்ளையார்பட்டி. குடைவரையில் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கும் இரண்டு கையுள்ள அந்தப் பெரிய பிள்ளையாரைப் பார்த்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பும் வழியிலேயே குன்றக்குடி இருக்கிறது. மலையேறி முருகனைப் பார்த்து இறங்கினால் இருட்டுவதற்குள் காரைக்குடிக்கு வந்துவிடலாம். பேருந்தில் போவதானால் சில்லறை அவசியம். அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஆட்டோக்காரரிடம் இடத்துக்கு இடம் பேரம் பேசாமல் அரை நாளுக்கு இவ்வளவு என்று விடுதிக்காரர் முன்னிலையிலேயே பேசிவிட்டால், விடியற்காலையில் நேர்ந்தது மறுபடி நேராது.

அந்தப் பணியாரத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஓர் உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, அது சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவே உளுந்து என்பது ஆச்சிமார்களின் அளவு. இரண்டையும் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, உப்பும் துளி சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்ப்பார்கள். மாவு உடனே எண்ணெய்க்குப் போக வேண்டும், புளிக்கக் கூடாது. ஒரு கரண்டி மாவை எண்ணெயின் நடுவில் ஊற்றினால் அது முதலில் அடியில் படிந்து, பிறகு மேலே எழும்பி வட்டமாக விரியும். ஓரம் மட்டும் சல்லடைபோல மெல்லிய பூவேலையாக நிற்கும். மேலே எண்ணெயை வாரி வாரி ஊற்றுவார்கள். ஒரே ஒருமுறை திருப்புவார்கள். சிவப்பதற்கு முன் எடுத்துவிடுவார்கள். ஒரு வாணலியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேகும். ஆகவே கடையில் நின்றுதான் ஆக வேண்டும். அடுக்கி வைத்ததை வாங்கினால் அது தோல்போல இழுக்கும். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் பூண்டும் அரைத்த சட்னி. அந்த நாளில் நீங்கள் சொல்லி வைக்காமலே கிடைத்தது இது ஒன்றுதான், ஏனென்றால் இது உங்கள் கண்ணெதிரே, உங்கள் கணக்குக்கே செய்யப்படுவது.

கேள்வி: பிள்ளையார்பட்டிக்கு அருகில் உள்ள திருப்பத்தூருக்கு இணையத்தில் பேருந்துச் சீட்டு எடுத்தேன். காலையில் கண் விழித்தால் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அந்த நாள் முழுவதும் பேருந்திலேயே கழிந்தது. இதற்கு என்ன செய்வது?

— ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: இரண்டு திருப்பத்தூர்களுக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வடக்கே உள்ளது 2019இல் தனி மாவட்டமானது. அதனால் இணையத்தில் தேடினால் முதலில் அதுவே வருகிறது. நீங்கள் தேடியது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர். சீட்டு எடுக்கும்போது மாவட்டத்தின் பெயரைப் பார்ப்பது ஒரு வழி. அதைவிட எளிது, காரைக்குடி அல்லது மதுரை என்று எடுத்துவிட்டு அங்கிருந்து நகர்வது. இன்னொரு எச்சரிக்கை: கோட்டையூர், கொத்தமங்கலம், இராமச்சந்திரபுரம் என்று அந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பலவும் தமிழ்நாட்டின் வேறு இடங்களிலும் உண்டு. கைப்பேசி வரைபடம் காட்டும் முதல் கோட்டையூரை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் செட்டிநாடு என்று பெயர்ப்பலகை மாட்டிய உணவகங்களில் சாப்பிட்டால் கண்ணில் நீர் வரும். அந்த எதிர்பார்ப்போடு காரைக்குடிக்குப் போய் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். காரமே தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது அசல் தானா? மேலும், தனியாக ஓர் ஆள் போனால் எத்தனை கறியைத்தான் சுவைத்துப் பார்க்க முடியும்?

— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கிடைத்தது அசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணில் நீர் வரவைப்பது நெடுஞ்சாலை உணவகங்கள் அந்தப் பெயருக்குக் கொடுத்த விளக்கம். மிளகாய்த்தூளையும் வண்ணப்பொடியையும் எண்ணெயில் கலந்து மேலே ஊற்றினால் எந்தக் கறியும் சிவக்கும். அதற்கும் செட்டிநாட்டுக்கும் தொடர்பில்லை. அங்கே காரத்தைவிட வாசனைக்குத்தான் மதிப்பு. சோம்பு, மிளகு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி என்ற வரிசையில், பாறையிலும் மரத்திலும் படரும் அந்தக் கல்பாசிதான் எண்ணெயில் பட்டவுடன் மணத்தை மாற்றிவிடுவது. இவற்றை வறுத்து அன்றன்றைக்கு அரைத்தால் ஒரு வகைச் சுவை. பொட்டலத்தில் வாங்கிய பொடியைப் போட்டால் வேறு. நாக்கு இந்த வேறுபாட்டை முதல் கவளத்திலேயே சொல்லிவிடும்.

உங்களுக்கு ஐயம் இருந்தால் உப்புக்கறியைக் கேட்டுப் பாருங்கள். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப் போட்ட வரமிளகாய், உப்பு, அவ்வளவுதான். மசாலைப் பொடி எதுவும் இல்லை. கறி தன் நீரிலேயே வெந்து, வெங்காயம் கரைந்து, மிளகாய் தோலாக ஒட்டிக்கொண்டு, கடைசியில் எண்ணெய் பிரிந்து வரும்போது இறக்குவார்கள். கறி நன்றாக இல்லையென்றால் அதை மறைக்க அந்தப் பாத்திரத்தில் வேறு எதுவும் கிடையாது. எனவே ஒரு மெஸ்ஸை எடைபோட அதைவிட நல்ல பரீட்சை இல்லை.

சைவம் உண்போருக்கு அந்த இடத்தை மண்டி பிடித்துக்கொள்கிறது. வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரை எடுத்து வைப்பார்கள். அதில் புளியைக் கரைத்து, வதக்கிய வெண்டைக்காய், முழுச் சின்ன வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய் ஆகியவற்றோடு கொதிக்கவிட்டால், அரிசிக் கழுநீரின் மாவுச்சத்தே குழம்பைக் கெட்டிப்படுத்தும். தேங்காய் வேண்டாம், பருப்பும் வேண்டாம். தயிர்ச்சோற்றுக்கு அது அமைவதுபோல வேறெதுவும் அமையாது. இது உணவக அட்டைகளில் அதிகம் தென்படுவதில்லை. பரிமாறுகிறவரைக் கேட்டால்தான் அன்றைக்கு உண்டா இல்லையா என்பது தெரியும்.

தனி ஆளின் சங்கடம் உண்மையானதே. நான்கு பேர் போனால் காடை, நண்டு, கோழி, மீன் என்று ஆளுக்கொன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவர் போனால் ஒரு தட்டு வறுவலோடு வயிறு நிறைந்துவிடும். இதற்கு எங்கள் யோசனை, மதியம் ‘சாப்பாடு’ மட்டும் வாங்குங்கள். குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், அப்பளம் என்று இலையில் வருவதே அந்த ஊரின் சமையலை ஓரளவு காட்டிவிடும். கறிக்குழம்பும் மீன்குழம்பும் கேட்டால் சோற்றுக்குத் தனித்தனியாக ஊற்றும் மெஸ்கள் உண்டு. அதோடு ஒரே ஒரு வறுவலை, அதையும் பாதி அளவு தருவார்களா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேசையில் எதிரே உட்காருகிறவர் உள்ளூர்க்காரராக இருந்தால் அவர் எதை முதலில் கேட்கிறார் என்று பார்த்து அதையே கேட்பது தனியாகச் சாப்பிடுகிறவருக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு. கூட்டமாகப் போனால் எதிரே நம் ஆளே உட்கார்ந்திருப்பார்.

வயிற்றில் இடம் வைத்திருந்தால் மாலையில் பலகாரம். கவுனி அரிசி கிடைத்தால் விடாதீர்கள்: கருப்பு அரிசியை ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துக் கிளறியது, பர்மாத் தொடர்பின் வழியே வந்து அங்கே திருமண விருந்து வரைக்கும் ஏறிவிட்டது. கந்தரப்பம், மசாலைச் சீயம், பால் பணியாரம் ஆகியவற்றை அன்றே தின்றுவிட வேண்டும். தேன்குழலும் மனகோலமும் கைச்சுற்று முறுக்கும் ஊருக்கு எடுத்துப்போகத் தாங்கும்.

கேள்வி: மாளிகை விடுதிகளின் வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது. தனியாகப் போகும் பெண் காரைக்குடியில் சாதாரண விடுதியில் தங்கலாமா?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கலாம். கோயில்களுக்கும் கல்லூரிகளுக்கும் வருவோர் போவோர் மிகுந்த ஊர் அது. தனியே வரும் பெண்ணை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. பேருந்து நிலையத்தையோ பெரிய கடைவீதியையோ ஒட்டிய விடுதியாகப் பாருங்கள். ரயில் நிலையம் ஊரின் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என்று இரண்டு உண்டு. விடுதி எதற்கு அருகில் இருக்கிறது என்பதையும், நாம் ஏற வேண்டிய பேருந்து எதிலிருந்து கிளம்புகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிற்றூர்களுக்கான பேருந்துகள் இரவில் சீக்கிரமே நின்றுவிடும். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் நடத்துநரிடம் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள். மாளிகை விடுதியில் தங்காவிட்டாலும் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சொல்லி வைக்கலாம் என்பதை முன்பே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் சிலவற்றை நினைவுப்பொருளாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபோது பாதி உடைந்திருந்தன. தரம் குறைந்ததைக் கொடுத்துவிட்டார்களா?

— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டெடுப்பதன்று. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் பூவடிவக் கண்ணறைகளில் வண்ணம் கலந்த சிமெண்டுக் கரைசலைச் சிறு கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்தாலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதுதான் கைத்திறன். அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, பிறகு ஈரக்கலவையைப் போட்டு மட்டப்படுத்திக் காயவைப்பார்கள். பின்னர் தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைத்து, எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானே விட்டு வந்துவிடும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகத்தில் தெரியும் பளபளப்பு. நெருப்பைக் காணாத சிமெண்டு என்பதால் தரையில் பதித்தால் தலைமுறைக்கும் தாங்கும், கையில் இருக்கும்போது மூலையில் தட்டினால் பிளக்கும். எடையும் அதிகம்.

இரண்டு கற்களை முகத்தோடு முகம் சேர்த்து, இடையில் துணியோ அட்டையோ வைத்துக் கட்டி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவர வேண்டும். பட்டறைக்காரரிடம் வைக்கோல் சுற்றித் தரச் சொன்னால் செய்து தருவார்கள். வீட்டுத் தரைக்கே வேண்டுமென்றால் கையில் தூக்கி வரும் எண்ணத்தை விட்டுவிட்டு லாரியில் அனுப்பச் சொல்லுங்கள். உடைவதற்கென்று சில கற்களைக் கூடுதலாகவே வாங்குங்கள், ஏனென்றால் அடுத்த முறை அடிக்கும்போது அதே நிறம் அப்படியே அமையும் என்பதற்கு உறுதியில்லை. பட்டறையில் வேலை நடப்பதையும் பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள்.